பினியன் தராத பிக்கப்

காரில் பிக்கப் போதவில்லை என்று யாராவது வாய்திறந்தால் போதும், "டிஃபரன்ஷியல் ரேஷியோவை மாத்திடு" என்ற யோசனை வந்து விழுகிறது. தங்கவயல் பக்கம் மட்டும் இப்படி என்று சொல்ல முடியாது. வார நாளில் வேலைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டோகிராஸுக்கும் ஒரே காரை எடுத்துப் போகிறவர்கள் எங்கெல்லாம் உண்டோ, பெங்களூரிலும் சென்னையிலும் கோவையிலும், இதுவே பொதுப்புத்தியாக இருக்கிறது. எஞ்சினைத் தொட வேண்டாம், ஹெட்டைக் கழற்ற வேண்டாம், கிரவுன்-பினியனை மட்டும் மாற்றினால் வண்டி பிய்த்துக்கொண்டு ஓடும் என்பது இதன் சாரம். எண் பெரிதாகப் பெரிதாக வண்டி 'ரேஸ்' ஆகிவிடும் என்ற துணை நம்பிக்கையும் இதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. இந்த நம்பிக்கை பெரும்பகுதி தவறு. உண்மை இருக்கும் சிறுபகுதியிலும் அதைச் சொல்கிறவர்கள் தவறான காரணத்துக்காகச் சரியாக இருக்கிறார்கள். டிஃபரன்ஷியல் ரேஷியோ இழுவையை உண்டாக்குவதில்லை. எஞ்சினிடம் ஏற்கெனவே உள்ள திறன் எந்த வேகத்தில் வந்து சேர வேண்டும் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. அந்த வேகம் எது என்று தெரியாமல் ரேஷியோவைத் தேர்ந்தெடுப்பது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது.

வாதத்துக்குள் போகுமுன் எண்களை மேசைமேல் வைத்துவிடுவோம். கிரவுன் வீலின் பற்களை பினியனின் பற்களால் வகுத்தால் வருவது ஃபைனல் டிரைவ் ரேஷியோ. 41 பல் கிரவுனும் 10 பல் பினியனும் என்றால் 4.1. இந்த எண் பெரிதானால் ஷார்ட், சிறிதானால் லாங். கணக்குக்காக நம் சாலைகளில் ஓடும் சிறிய பெட்ரோல் கார்களின் சாயலில் ஒரு வண்டியைக் கற்பனை செய்துகொள்வோம். ஐந்து கியர்: 3.5, 1.9, 1.3, 0.95, 0.75. ஃபைனல் டிரைவ் 4.1. சக்கரம் ஒரு சுற்றில் 1.8 மீட்டர் உருளும். எஞ்சினை 6000 ஆர்.பி.எம். வரை இழுக்கலாம். அப்படியானால் முதல் கியர் மணிக்கு 45 கி.மீ.யில் முடியும், இரண்டாவது 83-இல், மூன்றாவது 122-இல், நான்காவது 166-இல். இதே வண்டிக்கு 4.6 போட்டால் ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை 12 சதவீதம் கூடுகிறது. ரேஷியோ விற்கிறவர் சொல்வது இதுவரைதான், இதில் பொய் இல்லை. அவர் சொல்லாமல் விடுவது இது: ஏறக்குறைய அதே அளவுக்கு ஒவ்வொரு கியரும் சீக்கிரமாக முடிந்துபோகிறது. முதல் கியர் இப்போது 40-இலேயே தீர்ந்துவிடும், இரண்டாவது 74-இல், மூன்றாவது 108-இல்.

இந்த இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். 40 வரை ஷார்ட் வண்டி முன்னே போகும். 40-க்கும் 45-க்கும் நடுவில் அது இரண்டாவது கியருக்கு மாறிவிட்டது, லாங் வண்டியோ இன்னும் முதல் கியரிலேயே இழுக்கிறது. அந்த இடைவெளியில் லாங் வண்டியின் மொத்தப் பெருக்கம் 14.35, ஷார்ட் வண்டியினுடையது 8.74. உச்சியில் எஞ்சினின் முறுக்குவிசை கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று கழித்துக்கொண்டாலும் இங்கே 'பிக்கப் இல்லாத' வண்டிதான் பலமாக இழுக்கிறது. 45 முதல் 74 வரை மறுபடியும் ஷார்ட் வண்டியின் ஆட்சி. 74 முதல் 83 வரை லாங் வண்டி இரண்டாவதிலும் ஷார்ட் வண்டி மூன்றாவதிலும் இருக்கும், நிலைமை மறுபடி தலைகீழ். 108 முதல் 122 வரை இன்னொரு முறை அதே கதை. மொத்தத்தில் யாருக்கு எவ்வளவு லாபம்? முறுக்குவிசை 4500 ஆர்.பி.எம். வரை சமமாக நின்று, 6000-க்குள் 18 சதவீதம் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டு, காற்றுத் தடையையும் டயர் சறுக்கலையும் கியர் மாற்றும் நேரத்தையும் விட்டுவிட்டுப் போட்டால், நின்ற இடத்திலிருந்து 100-ஐத் தொடும் நேரத்தில் மிச்சமாவது சுமார் 3 சதவீதம். 122 வரை போனால் அது 2 சதவீதத்துக்கும் கீழே. அதற்குள் ஷார்ட் வண்டி ஒரு கியர் கூடுதலாக மாற்றியிருக்கும், அந்த ஒரு மாற்றத்துக்கு ஆகும் நேரமே மிச்சத்தைத் தின்றுவிடும். 12 சதவீதம் என்று சொல்லி விற்கப்பட்ட பொருள் கைக்கு வரும்போது 3 சதவீதமாகவும் சில இடங்களில் நஷ்டமாகவும் ஆகிறது.

காரணம் எளிது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சக்கரத்தில் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தள்ளுவிசை, எஞ்சினின் திறனை அந்த வேகத்தால் வகுத்தால் வருவதே. கிரவுனுக்கு எத்தனை பல் இருந்தாலும் இந்த உச்சவரம்பு நகராது. அந்த வரம்புக்கு எவ்வளவு நெருங்கி நிற்கலாம் என்பதை முடிவு செய்வது கியர்களுக்கு இடையே உள்ள இடைவெளி. 1.9-க்கும் 1.3-க்கும் நடுவே உள்ள பள்ளம் கியர்பாக்ஸுக்குள் இருக்கிறது, டிஃபரன்ஷியலுக்குள் இல்லை. ஃபைனல் டிரைவை மாற்றினால் எல்லாக் கியர்களும் சேர்ந்தே கீழே இறங்குகின்றன. பள்ளங்களும் அவற்றோடு இறங்குகின்றனவே தவிர, ஒன்றுகூடத் தூர்வதில்லை.

அப்படியானால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? முட்டாள்தனத்திலிருந்து வரவில்லை. வேறொரு வேலையில் கிடைத்த நல்ல அனுபவத்திலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். தங்கவயல் கனரக எந்திரங்களை அறிந்த ஊர். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களும், 1964-இல் தொடங்கப்பட்ட பெமல் நிறுவனத்தில் புல்டோசர் பூட்டியவர்களும் நிறைந்த ஊர். புல்டோசரின் ஃபைனல் டிரைவில் குறைப்பு மிக அதிகம், அதனால்தான் அது மலையைத் தள்ளுகிறது. கிராமத்து மண்பாதையில் ஓடிய பழைய ஜீப்பைப் பாருங்கள். ராணுவ வில்லிஸில் 4.88 இருந்தது, பின்னால் வந்த சிவில் ஜீப்களில் 5.38. மூட்டைகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏற அது தேவைப்பட்டது. குறைப்பு கூடினால் இழுவை கூடும் என்ற பாடம் அந்த வேலைகளுக்கு நூற்றுக்கு நூறு சரி. ஆனால் புல்டோசர் மணிக்குச் சில கி.மீ. வேகத்தில் நாளெல்லாம் வேலை செய்யும் எந்திரம். அதற்கு ஒரு நிலையான வேகம் உண்டு, அந்த வேகத்துக்கு ஏற்றபடி பல் வெட்டினார்கள். நின்ற இடத்திலிருந்து 120 வரை ஏறி, பிரேக் பிடித்து, 45-க்கு இறங்கி, மறுபடி ஏறும் காருக்கு அந்தப் பாடத்தை அப்படியே தூக்கிக் கொடுத்ததுதான் பிழை. சுமை இழுக்கிறவனின் அறிவைக் காலத்தோடு ஓடுகிறவனுக்குக் கொடுத்துவிட்டோம்.

வண்டி செய்கிறவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்கலாம். ராலிக்காரர்களுக்கு ஜிப்ஸியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1985 இறுதியில் மாருதி அதை 970 சி.சி. எஞ்சினோடு கொண்டுவந்தது, 1996-இல் 1.3 லிட்டர் வந்தது. அதன் மூலமான சுசூகியின் வெளிநாட்டு மாடல்களில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு லிட்டர் எஸ்.ஜே.410-இன் ஆக்ஸில் ரேஷியோ 4.111, டிரான்ஸ்ஃபர் கேஸின் ஹை ரேஞ்ச் 1.580. எஞ்சினை 1.3 லிட்டராக்கி சாமுராய் என்று விற்றபோது ஆக்ஸிலை 3.727 ஆகவும் டிரான்ஸ்ஃபர் கேஸை 1.409 ஆகவும் குறைத்தார்கள். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் 6.5 என்றிருந்தது 5.25 ஆகிறது. எஞ்சினுக்குப் பலம் கூடியதும் ரேஷியோவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீட்டிவிட்டார்கள், வண்டியும் வேகமாயிற்று. மஸ்டா மியாட்டா இன்னொரு சாட்சி. உலகமெங்கும் அமெச்சூர் பந்தயக்காரர்களின் செல்லப்பிள்ளை அது. 1.6 லிட்டர் எஞ்சினோடு வந்தபோது 4.30, 1994-இல் 1.8 லிட்டர் ஆனபோது 4.10. அதில் டர்போ மாட்டுகிறவர்கள் 3.9, 3.6 என்று மேலும் நீளத்துக்கே போகிறார்கள். ஷார்ட் ரேஷியோதான் ரேஸ் என்றால் இந்த வரிசை தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? எஞ்சின் எத்தனை பலமானதோ அத்தனை நீளமான ரேஷியோவை அதனால் சுமக்க முடியும். 'நான் எஞ்சினையும் டியூன் செய்துவிட்டேன், டிஃபையும் ஷார்ட் ஆக்கிவிட்டேன்' என்று பெருமையோடு சொல்கிறவர் ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பிடுங்கியிருக்கக்கூடும்.

இதற்கு வரும் முதல் எதிர்வாதம் அனுபவத்தைக் காட்டுவது: "மாத்தினவன் எல்லாம் வித்தியாசம் தெரியுதுன்னுதானே சொல்றான்?" தெரியத்தான் செய்யும். முதல் கியரில் முதுகு சீட்டில் ஒட்டுகிறது, ஊசி சீக்கிரமாக ஏறுகிறது, சத்தம் கூடுகிறது, கை அடிக்கடி கியர் லீவருக்குப் போகிறது. இவை எல்லாமே வேகத்தின் அறிகுறிகளாக மனதில் பதிவாகின்றன. ஆனால் முதுகுக்கு விநாடி தெரியாது. பின்சக்கர வண்டிகளில் இன்னொரு மயக்கமும் சேர்ந்துகொள்கிறது. பழைய ஜீப், ஜிப்ஸி வகையறாக்களில் ஸ்பீடோமீட்டர் கேபிள் டிஃபரன்ஷியலுக்கு முன்னாலேயே பிடிக்கப்படுவதால், கிரவுனை மாற்றியதும் அது உண்மையான வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். 12 சதவீதம் ஷார்ட் ஆக்கிய வண்டி நிஜத்தில் 90-இல் போகும்போது முள் 100-ஐத் தாண்டி நிற்கும். பிக்கப் ஏறிவிட்டது என்று ஓனர் சந்தோஷப்படுவதில் வியப்பென்ன!

இரண்டாவது எதிர்வாதம் கொஞ்சம் கனமானது. ரேஸ் கார்கள் எல்லாம் ஷார்ட் ரேஷியோவில்தானே ஓடுகின்றன என்கிறார்கள். ரேஸ் கார்களில் இருப்பது நெருக்கமான கியர்கள். அந்த நெருக்கம் கியர்பாக்ஸில் வாங்கப்படுவது, ஃபைனல் டிரைவ் அதன்பிறகு களத்துக்கு ஏற்றபடி பொருத்தப்படுவது. அந்தக் களமும் ஒன்றல்ல. சென்னைக்காரர்கள் பல பத்தாண்டுகள் பந்தயம் ஓட்டிய சோழவரம் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம். அங்கே நீண்ட நேர்பாதையில் டாப் கியரில் எஞ்சின் மூச்சு முட்டாமல் இருப்பதே பெரிய கவலையாக இருந்திருக்கும். 1990 வாக்கில் அந்தப் பந்தயங்கள் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தன. அங்கே சுற்று 3.7 கி.மீ. கோவை செட்டிப்பாளையத்தில் கரிவர்தனின் பெயரைத் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே இரண்டு கி.மீ.க்குச் சற்றே மேல், வளைவுகள் நெருக்கம். கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டில் ஒரு நேர்பாதை மட்டுமே ஒரு கி.மீ.க்கு மேல். இந்த நான்கு இடங்களுக்கும் பொதுவான 'ரேஸ் ரேஷியோ' என்று ஒன்று இருக்கவே முடியாது. எட்டு கியர் வைத்த ஃபார்முலா 1 கார்களின் கதையோ இன்னும் வேடிக்கை. 2014 முதல் பருவம் தொடங்குமுன்பே கியர் ரேஷியோக்களை அறிவித்துவிட வேண்டும் என்பது விதி. மொனாக்கோவின் சந்துகளிலும் மொன்ஸாவின் நெடும்பாதையிலும் அதே பற்களோடு ஓடுகிறார்கள். கியர்கள் நெருக்கமாக இருந்தால் ஃபைனல் டிரைவின் முக்கியத்துவம் எவ்வளவு இறங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி தேவையில்லை. ரேஸ் காரைக் காட்டி வாதாடுகிறவர்கள் தங்களுக்கு எதிரான சாட்சியைத்தான் கூண்டில் ஏற்றுகிறார்கள்.

மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: கம்பெனிக்காரன் மைலேஜுக்காக ரேஷியோவை இழுத்து வைத்திருக்கிறான், நாம் அதைச் சரிசெய்கிறோம். பாதி உண்மை. எரிபொருள் சோதனையும் புகை விதிகளும் ரேஷியோத் தேர்வில் செல்வாக்குச் செலுத்துகின்றன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நீட்டல் பெரும்பாலும் டாப் கியரில்தான் தெரிகிறது. டாப் கியரில் இழுவை இல்லை என்று குறைப்படுகிறவருக்கு நம் மாதிரி வண்டியில் ஒரு வழி இருக்கிறது: ஐந்திலிருந்து நான்குக்கு இறக்கினால் 27 சதவீதம் கூடுதல் பெருக்கம், நான்கிலிருந்து மூன்றுக்கு 37 சதவீதம். பலமனேருக்கு அப்பால் மொகிலி மலைப்பாதையில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவருக்கு இடதுகை அசைவு ஒன்றில் கிடைப்பது 37. ஆக்ஸிலைப் பிரித்து, பேரிங் மாற்றி, புதிய ஜோடி வாங்கிப் பூட்டினால் கிடைப்பது 12. கியர் இறக்கச் சோம்பல்பட்டுக் கிரவுன் மாற்றுகிறவர்கள் உண்டு என்பதை நாகரிகம் கருதி அதிகம் பேசாமல் விடுகிறேன்.

இந்த மூன்றாவது வாதத்துக்குப் பேத்தமங்களாவின் இன்றைய நிலைமையே ஒரு பதில் வைத்திருக்கிறது. பாலாற்றங்கரையில் ஏரியும், தங்கவயலுக்குத் தண்ணீர் அனுப்பிய நீரேற்று நிலையமும் என்று இருந்த ஊர் இப்போது பெங்களூரு-சென்னை விரைவுச்சாலையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஹோஸ்கோட்டையிலிருந்து மாலூர், பங்காருபேட்டை வழியாகப் பேத்தமங்களா பக்கம் வரும் கர்நாடகப் பகுதி, சுமார் 71 கி.மீ., 2024 இறுதியில் வண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. மணிக்கு 120 கி.மீ. வேகத்துக்கு வடிவமைக்கப்பட்ட சாலை. நம் மாதிரி வண்டி 4.1 ரேஷியோவில் ஐந்தாவது கியரில் 120 போனால் எஞ்சின் சுமார் 3400 ஆர்.பி.எம்.மில் சுற்றும். 4.6 போட்டால் 3800-ஐத் தாண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 25,000 சுற்றுகள் கூடுதல். பெட்ரோலும் போகும், காதும் வலிக்கும். பெங்களூருக்குத் தினம் போய்வருகிறவர் இந்தச் செலவை ஆண்டு முழுக்கக் கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் சில நிமிடங்கள் கிடைக்கும் 3 சதவீதத்துக்கு வார நாட்கள் முழுவதும் வட்டி கட்டும் வியாபாரம் இது. பழைய ஒற்றைச் சாலைகளில் 70, 80-இல் ஓடிய காலத்தில் இந்த நஷ்டம் யாருக்கும் உறைக்கவில்லை. சாலை மாறிவிட்டது, யோசனை மாறவில்லை.

இன்னும் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது. சக்கரத்துக்குக் கூடுதல் முறுக்குவிசை போனால் அதைத் தரை வாங்கிக்கொள்கிறதா? முன்சக்கர வண்டி சீறிக் கிளம்பும்போது எடை பின்னால் சாய்கிறது, இழுக்க வேண்டிய சக்கரங்களின் மேல் பாரம் குறைகிறது. செம்மண்ணிலும் சரளையிலும் நடக்கும் ஆட்டோகிராஸில் முதல் கியரில் ஏற்கெனவே டயர் சுற்றிக்கொண்டிருக்கும், அங்கே மேலும் 12 சதவீதம் கொடுப்பது புழுதியைக் கூட்டும், வேகத்தைக் கூட்டாது. வளைவில் நிலைமை இன்னும் மோசம். நம் கார்களில் இருக்கும் சாதாரண ஓப்பன் டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் பங்கிடும். பாரம் குறைந்த உள்சக்கரம் தாங்கும் அளவே வெளிச்சக்கரத்துக்கும் கிடைக்கும். உள்சக்கரம் காற்றில் சுற்றத் தொடங்கிவிட்டால் ரேஷியோ எதுவானாலும் வண்டி நகர்வது அந்தச் சக்கரத்தின் தயவில்தான். ஹவுசிங்கைத் திறந்து பணம் செலவழிக்கத்தான் போகிறீர்கள் என்றால் அந்தப் பணம் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்குப் போகட்டும். பல்வகை டார்சன் என்றால் ஒரு சக்கரம் முழுக்கத் தரையை விட்டு எழும்பியதும் கைவிட்டுவிடும் என்பதையும், தட்டுவகை என்றால் தட்டுகள் தேயும் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். எப்படியானாலும் ஓட்டுகிறவர் முன்கூட்டியே ஆக்ஸிலரேட்டரை மிதிக்க முடிகிறது. வளைவை விட்டு வெளியேறும் வேகத்தில் கிடைப்பது நேர்பாதை முழுக்கக் கூடவே வரும்.

பல்லின் பலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 37-க்கு 9 என்றால் 4.111, 41-க்கு 11 என்றால் 3.727, 39-க்கு 8 என்றால் ஜீப்பின் 4.88. இந்த ஜோடி எண்களுக்குப் பொதுவான வகுத்தி இருக்காது. ஒரே பல் ஒரே பல்லோடு மட்டும் மோதிக்கொண்டிருக்காமல், ஒவ்வொன்றும் எல்லாவற்றையும் சந்தித்துச் சமமாகத் தேய வேண்டும் என்பதற்காக அப்படி வெட்டுகிறார்கள். அதே ஹவுசிங்குக்குள், அதே அளவு கிரவுனோடு ரேஷியோவை ஷார்ட் ஆக்கும்போது வழக்கமாகப் பினியனின் பற்கள் குறைந்து அதன் தலை சிறுக்கிறது. சிறிய தலை, கிளட்சைத் தட்டிவிட்டுக் கிளம்பும் அதிர்ச்சியைத் தாங்கும் திறனிலும் சிறியது. பினியனும் கிரவுனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட ஜோடி, பழைய கிரவுனுக்கு வேறு பினியன் போட முடியாது. பினியனின் ஆழம், பேரிங் இறுக்கம், பல் இடைவெளி, நீல மை தடவிப் பார்க்கும் தொடுதடம் எல்லாமே கைத்திறன் கேட்பவை. அவசரத்தில் பூட்டிய ஆக்ஸில் 60-இல் ஊளையிடத் தொடங்கும். முன்சக்கரக் கார்களில் ஃபைனல் டிரைவ் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருப்பதால் பாக்ஸையே இறக்கியாக வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, ஷார்ட் ரேஷியோ உண்மையிலேயே வேண்டிய இடங்களை மறைத்தால் நானும் மறுபக்கத்து மூடநம்பிக்கைக்காரனாகிவிடுவேன். ஆட்டோகிராஸ் களம் ஒன்றில் மிகக் குறைந்த வேகம் 45, மிக உயர்ந்த வேகம் 72 என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வண்டி 4.1-இல் இதை முழுக்க இரண்டாவது கியரில் ஓட்டும், ஆனால் எஞ்சினின் மேல்பகுதியைத் தொடவே தொடாது. 4.6 போட்டால் அதே இரண்டாவது கியர் 74-இல் முடிவதால் களத்துக்கு அளவெடுத்தாற்போல் உட்காரும், அந்த வேகவரம்புக்குள் 7 சதவீதம் போல நேரம் மிச்சமாகும். அங்கே மாற்றுவது நியாயமே. ஆனால் அதே களத்தில் நேர்பாதை கொஞ்சம் நீண்டு 82 வரை போகிறது என்றால் ஆட்டம் திரும்பிவிடும். 4.1 வண்டி கியர் மாற்றாமல் முடித்துவிடும், 4.6 வண்டி 74-இல் மூன்றாவதுக்குப் போய், உடனே பிரேக் பிடித்து, மறுபடி இரண்டாவதுக்கு வர வேண்டும். பத்து கி.மீ. வேக வித்தியாசத்தில் சரியான பதில் தவறாகிவிடுகிறது. ஆகவே அளக்க வேண்டியது களத்தை. போனில் இருக்கும் ஜி.பி.எஸ்.ஸே போதும், எந்த வளைவை எந்த வேகத்தில் விட்டு வெளியேறுகிறோம், அடுத்த பிரேக்குக்கு முன் எது உச்சம், இடையில் எங்கே கியர் மாற்றினோம் என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் எந்த ரேஷியோ என்பது வகுத்தல் கணக்குதான். பிரேக் பிடிக்கச் சற்று முன்பும் வளைவின் நடுவிலும் கியர் மாற்றம் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. கலந்துகொள்ளும் வகுப்பின் விதிகள் ஃபைனல் டிரைவைத் தொட அனுமதிக்கின்றனவா என்பதை அதற்கும் முன்னால் பார்த்துவிடுவது நல்லது.

பெரிய டயர் மாட்டியவருக்கும் ஷார்ட் ரேஷியோ வேண்டும். அதை இழந்ததைத் திரும்பப் பெறுவது என்று சொல்லலாம், கூடுதலாக ஒன்றும் வருவதில்லை. இந்தக் கணக்கையே திருப்பிப் போட்டால் சிக்கனமான வழி ஒன்று கிடைக்கிறது. 14 அங்குல ரிம்மில் 165/80 டயரின் வெளிவிட்டம் சுமார் 620 மில்லிமீட்டர், 185/60 டயரினுடையது 578. சுமார் 7 சதவீதம். ஒரே வண்டியில் இரண்டு செட் ரிம் வைத்திருந்தால் சாலைக்கு ஒரு ரேஷியோ, களத்துக்கு ஒரு ரேஷியோ, ஸ்பேனர் வேலை அரை மணி நேரம். கூடவே அகலமான டயரின் பிடிப்பும் கிடைக்கிறது. தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி சுமார் 2 சென்டிமீட்டர் குறையும் என்பதால் சரளைக் களங்களுக்கு இது ஒத்துவராது. பைக் ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சுதந்திரம் எப்போதும் இருந்திருக்கிறது. முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல்லுக்குப் பதில் 13 போட்டால் 7 சதவீதத்துக்கு மேல் மாறிவிடும், பிடிக்காவிட்டால் மறுநாளே கழற்றிவிடலாம். கிரவுன்-பினியனில் அந்தச் செல்லம் கிடையாது. பைக்கில் வெள்ளோட்டம் பார்க்கிற மாதிரி காரில் பார்க்க முடியாது என்பதே காரில் முதலில் கணக்குப் போட வேண்டியதற்குப் போதுமான காரணம். கியர்பாக்ஸே இல்லாத மின்சாரக் கார்கள் இந்த விவாதத்துக்கு வெளியே நிற்கின்றன. அங்கே இருப்பது ஒரே ஒரு ரேஷியோ, கிளம்பலும் உச்சவேகமும் அதன் கையில்தான்.

கடைசியாக ஒரு எதிர்வாதம் பாக்கி: "சரி, மூன்றிலும் நான்கிலும் எனக்கு நிஜமாகவே இழுவை வேண்டும், ஹைவேயும் வேண்டும், அப்போது என்ன செய்வது?" இதற்கு விடை கியர்பாக்ஸில் இருக்கிறது. ஐந்தாவதை அப்படியே விட்டுவிட்டு மூன்றையும் நான்கையும் நெருக்கிப் போட்டால், நம் மாதிரி வண்டியில் 1.3-ஐ 1.4 ஆகவும் 0.95-ஐ 1.08 ஆகவும் ஆக்கினால், 83-இல் இரண்டாவதை விட்டதும் எஞ்சின் 4100-க்கு விழாமல் 4400-இல் நிற்கும், மூன்றாவதிலிருந்து நான்குக்குப் போகும்போதும் 4400-க்குப் பதில் 4600-இல் பிடிக்கும். 4.6 வாங்கியவர் எதைத் தேடினாரோ அது, அவர் கொடுத்த விலையில்லாமல், களத்தில் இங்கே கிடைக்கிறது. நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே பள்ளம் அகலமாகும், உண்மைதான். அந்தப் பள்ளம் 145-க்கு மேல் வருவது. பேத்தமங்களாவிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை முழுப் பாதையும் இணைந்த பிறகு, காரை டிரெய்லரில் ஏற்றாமல் சொந்தச் சக்கரத்திலேயே இருங்காட்டுக்கோட்டைக்கு ஓட்டிப் போய், மூன்றிலும் நான்கிலும் சுற்றிவிட்டு, ஐந்தில் 120 வைத்து 3400 ஆர்.பி.எம்.மில் வீடு திரும்பலாம். இரண்டு வேலைக்கும் ஒரே 4.1 போதும்.